ஃபயெட் கவுண்டியில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்றொரு இடம். அங்கே சாலையோரம் அரசு நட்டுவைத்த ஒரு பலகை இருக்கிறது. மலையைக் குடைந்து, ஆற்றைத் திருப்பி, நீர்மின்சாரம் எடுக்க வெட்டிய சுரங்கப்பாதையில் பாறைத் தூசியைச் சுவாசித்து இறந்துபோனவர்களைப் பற்றிய பலகை அது. ஒரே பலகையில் இரண்டு எண்கள். ஒப்புக்கொள்ளப்பட்ட சாவுகள் 109. அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டவை 476. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் மூன்றாவது எண் ஒன்று வருகிறது: 764.

ஒரே மலை, ஒரே வேலை, இரண்டு ஆண்டுகூட நீடிக்காத காலம். அதில் இறந்தவர்களுக்கு எப்படி மூன்று கணக்கு வரும்? அதுவும் 1930-களில், அமெரிக்கா போன்ற ஒரு நாட்டில்?

எழுத்தே இல்லாத ஊர் என்றால் புரிந்துகொள்ளலாம். ஹாக்ஸ் நெஸ்ட் இருக்கும் ஃபயெட் கவுண்டி அப்படிப்பட்ட ஊர் இல்லை. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல ஒரு நிர்வாக அலகு. அதற்கென்று நீதிமன்றம், எழுத்தர், ஷெரிஃப் எல்லாம் உண்டு. 1831-ல் ஃபயெட் உருவானதிலிருந்து நிலப் பத்திரங்கள், உயில்கள், வரிப் பட்டியல்கள், திருமணப் பதிவுகள் என்று அடுக்கடுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு பிறப்பு, இறப்புப் பதிவுகளும் சேர்ந்தன. மாநில ஆவணக் காப்பகம் இவற்றில் பெரும்பகுதியைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. கைபேசி இருந்தால் நாமும் இங்கிருந்தே பார்க்கலாம்.

ஆகவே கேள்வி ஆவணம் இருந்ததா இல்லையா என்பதல்ல. யார் எழுதினார், யாருக்காக எழுதினார், முழுதாக எழுதினால் யார் கையிலிருந்து பணம் போகும் என்பதுதான். ஃபயெட் கவுண்டியின் பதிவேடுகளைக் காலவரிசையில் புரட்டினால் இது ஒவ்வொன்றாகத் தெளிவாகிறது.

1860-ல் இருந்து தொடங்குவோம். அப்போது மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலமே இல்லை. ஃபயெட் கவுண்டி வர்ஜீனியாவுக்குள் இருந்தது. மலைப்பகுதி என்பதால் பெரும் பண்ணைகள் இல்லை. இதைக் காட்டி, 'அப்பலாச்சிய மலைகளில் அடிமைமுறை இல்லவே இல்லை, அது ஏழை வெள்ளையர்களின் நாடு' என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்தக் கதையை உடைக்க 1860 மக்கள்தொகைக் கணக்கு ஒன்றே போதும். ஃபயெட் கவுண்டியின் மொத்த மக்கள் சுமார் 6,000. அவர்களில் சுமார் 270 பேர் அடிமைகள்.

அந்த 270 பேரின் பெயர் என்ன என்று தேடினால் கிடைக்காது. சுதந்திரமானவர்களுக்கு ஒரு படிவம், அடிமைகளுக்குத் தனியாக வேறொரு படிவம். இரண்டாவது படிவத்தில் முதலில் உடைமையாளரின் பெயர் வரும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். 30, ஆண், கறுப்பு. 8, பெண், கலப்பு நிறம். அம்மா யார், பிள்ளை யார் என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. கணக்கெடுத்தவர் மறந்துவிடவில்லை, கைதவறி விடவில்லை. பெயருக்கான கட்டம் வேண்டாம் என்று வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவு செய்து அச்சடித்த படிவம் அது. 1850 கணக்கெடுப்புக்கு முன்பு பெயரையும் குடும்ப உறவையும் கேட்கலாம் என்ற யோசனை வந்ததும், அடிமைகளை வைத்திருந்த மாநிலங்களின் செனட்டர்கள் அதை எதிர்த்து நீக்கியதும் வரலாறு.

இதற்கு முன்பே, 1853-லிருந்து, வர்ஜீனியாவில் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமாகியிருந்தது. அடிமைகளின் பிறப்பும் சாவும்கூட அதில் ஏறின. வியப்பாக இருக்கிறதா? மனிதாபிமானம் என்று நினைக்க வேண்டாம். வரி கணக்கிடும் அதிகாரிதான் வீடு வீடாகப் போய் இதையும் எழுதினார். ஒரு குழந்தை பிறந்தால் உடைமையாளரின் சொத்து கூடுகிறது, ஒருவர் இறந்தால் குறைகிறது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் இருப்பதும் உடைமையாளரின் பெயரே. ஆனாலும் இந்தப் பதிவுகளில் சில இடங்களில் ஒரு முதற்பெயராவது இருக்கும். கறுப்பினக் குடும்பங்கள் இன்று தங்கள் முன்னோரைத் தேடும்போது பற்றிக்கொள்வது அந்த ஒற்றைப் பெயரைத்தான். எஜமானன் தன் சொத்துக்காக எழுதியது, எழுதப்பட்டவரின் கொள்ளுப்பேரன் கைக்கு வேறொரு காரியத்துக்காகப் போய்ச் சேருகிறது.

உள்நாட்டுப் போர் வந்தது. 1863 ஜூன் 20 அன்று மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது. போர் முடிந்து 1870-ல் எடுத்த கணக்கில்தான் முதன்முறையாக எல்லாக் கறுப்பின மக்களும் பெயரோடு, குடும்பப்பெயரோடு எழுதப்பட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர் தங்கள் வம்சத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகையில் 1870-ல் வந்து முட்டிக்கொண்டு நிற்பதை 'சுவர்' என்பார்கள். அந்தச் சுவர் கட்டிய செங்கல் ஒவ்வொன்றும் 1860-ன் பெயரில்லாத கட்டம்.

1873 ஜனவரி 29 அன்று சி அண்ட் ஓ ரயில்வேயின் இரு முனைகளும் இதே ஹாக்ஸ் நெஸ்ட் அருகே சந்தித்துக் கடைசி ஆணி அடிக்கப்பட்டது. பக்கத்துச் சம்மர்ஸ் கவுண்டியின் மலையில் அதே ரயில்பாதைக்காகச் சுரங்கப்பாதை குடைந்தபோதுதான், நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு வென்று செத்துப்போன ஜான் ஹென்றி என்ற கறுப்பினத் தொழிலாளியின் கதை பிறந்தது என்பார்கள். ரயில் வந்ததும் நிலக்கரி வெளியே போனது; கரி வெட்ட ஆட்கள் உள்ளே வந்தார்கள். தெற்கிலிருந்து கறுப்பினத்தவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களும் நியூ ஆற்றுப் பள்ளத்தாக்கை நிறைத்தார்கள்.

நிலக்கரிச் சுரங்கச் சாவுகளுக்கு மட்டும் ஃபயெட்டில் நல்ல கணக்கு இருக்கிறது. மாநிலச் சுரங்கத் துறை ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கைகளில் இறந்தவரின் பெயர், வயது, வேலை, விட்டுச்சென்ற மனைவி மக்கள் என்று பட்டியல் போட்டார்கள். 1915 மார்ச்சில் இந்தக் கவுண்டியின் லேலண்ட் சுரங்கம் வெடித்து 112 பேர் இறந்தார்கள். அங்கும் முதலாளிகள் நல்லவர்கள் ஒன்றுமில்லை. ஆனால் சுரங்கத்தில் ஒரு சாவு என்றால் ஆய்வாளர் வந்து எழுதியாக வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அந்தச் சட்டமும் பல சாவுகளுக்குப் பிறகு, தொழிலாளர்களின் நெருக்குதலால் வந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணத் தெரியாத அரசு இல்லை அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, இதே கவுண்டியில் இருந்த ஒரு டீக்கடைக்குள் போய்விட்டு வருவோம்.

நட்டல்பர்க் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஆலிவர் ஜோன்ஸ் என்றொரு கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். தன் வீட்டிலேயே சக கறுப்பினத் தொழிலாளர்களுக்காக ஒரு சிற்றுண்டிக் கடை மாதிரி நடத்தினார். ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் அங்கே கூடுவார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் புத்தகங்களும் பத்திரிகைகளும் வாங்கி வைத்திருந்தார். படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே? அதே சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞனைப் பிடித்தார். தினமும் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கூலியாக அவனுக்குத் தின்பண்டம் இலவசம். படித்து முடித்ததும் பேச்சு தொடங்கும். போரில் இருந்தவர்கள் போரைச் சொன்னார்கள், அடிமையாக இருந்தவர்கள் அதைச் சொன்னார்கள்.

அந்த இளைஞன்தான் கார்ட்டர் ஜி. வுட்சன். 1875-ல் வர்ஜீனியாவில், முன்பு அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். ஃபயெட் கவுண்டிச் சுரங்கங்களில் கரி வெட்டிவிட்டு, இருபது வயதில் ஹண்டிங்டன் நகரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் முடித்து, மறுபடி ஃபயெட் கவுண்டிக்கே வந்து வினோனாவில் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். 1912-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். டு பாய்ஸுக்குப் பிறகு அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர். 1915-ல் கறுப்பின வரலாற்றை ஆராய ஒரு சங்கம், 1916-ல் அதற்கோர் ஆய்விதழ், 1926-ல் கறுப்பின வரலாற்று வாரம். இன்று பிப்ரவரி முழுக்கக் கொண்டாடும் கறுப்பின வரலாற்று மாதம் அதிலிருந்து வந்ததுதான். வரலாற்றின் மீது தனக்கிருந்த ஆர்வம் ஆழமானது அந்தச் சுரங்கத் தொழிலாளர் வீட்டில்தான் என்று பிற்காலத்தில் வுட்சனே எழுதியிருக்கிறார்.

ஹார்வர்டு பட்டத்தோடு அவர் செய்த வேலைகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. 1830 மக்கள்தொகைக் கணக்கில், அடிமைமுறை இருந்த காலத்திலேயே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்களை நாடு முழுவதிலிருந்தும் கவுண்டி கவுண்டியாகத் திரட்டி 1925-ல் புத்தகமாகப் போட்டார். புத்தகத்தின் பெரும்பகுதி வெறும் பெயர்ப் பட்டியல். வாசிக்கச் சுவையானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கறுப்பினத்தவருக்கு வரலாறே கிடையாது என்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடந்த காலத்தில், அரசு தன் கையால் எழுதிய பதிவேட்டிலிருந்தே ஆயிரக்கணக்கான பெயர்களை எடுத்து மேசையில் வைத்தார்.

வுட்சனின் அந்தப் புத்தகம் வந்த ஐந்தாம் ஆண்டில், அவர் கரி வெட்டிய கவுண்டியிலேயே ஹாக்ஸ் நெஸ்ட் வேலை தொடங்கியது.

1930 மார்ச் மாதம். பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கியிருந்தது. யூனியன் கார்பைடு நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று நியூ ஆற்றை மறித்து, கௌலி மலைக்குள் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை குடைந்து, தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டது. மின்சாரம் ஊருக்கு அல்ல. தங்களுடைய உலோக ஆலைக்கு. ஒப்பந்ததாரர் வர்ஜீனியாவைச் சேர்ந்த ரைன்ஹார்ட் அண்ட் டென்னிஸ். மலைக்குள் சுமார் 3,000 பேர் வேலை பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். கறுப்பருக்குத் தனி முகாம், வெள்ளையருக்குத் தனி முகாம்.

அந்த மலை கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்காப் பாறை. சிலிக்கா என்றால் கண்ணாடி செய்யும் மணலின் மூலப்பொருள். அதன் நுண்தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தசை இறுகித் தழும்பாகி, மூச்சு குறைந்துகொண்டே போகும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய் வர வழக்கமாகப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். துளைபோடும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி அடங்கும். இது அப்போதே தெரிந்த விஷயம். தண்ணீர் விட்டால் வேலை மெதுவாகும். ஆகவே உலர்வாகவே துளைத்தார்கள். தொழிலாளர்களுக்கு முகமூடி இல்லை. மேற்பார்வைக்கு வந்த பொறியாளர்கள் முகமூடி போட்டிருந்தார்கள் என்று பின்னர் சாட்சி சொன்னவர்கள் உண்டு. வெடிவைத்த புகை அடங்குவதற்குள் கறுப்பினத் தொழிலாளர்களை அடித்து உள்ளே விரட்டியதாகவும் சாட்சியம் இருக்கிறது.

பாறையில் என்ன இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. நல்ல சிலிக்கா கிடைத்த பகுதியில் பாதையை இன்னும் அகலமாக வெட்டி, எடுத்த கல்லைத் தன் ஆலைக்கே அனுப்பிக்கொண்டது. பாறையின் தரம் பற்றிய காகிதம் துல்லியமாக இருந்தது. அதைச் சுவாசித்தவர்களைப் பற்றிய காகிதம்தான் இல்லை.

உள்ளேயிருந்து வெளியே வரும்போது எல்லாரும் வெள்ளைத் தூசியில் குளித்திருப்பார்கள், கறுப்பர் யார் வெள்ளையர் யார் என்று பார்த்தால் தெரியாது என்று சாட்சிகள் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் வரும் நோய் இங்கே மாதக்கணக்கில் வந்தது. 1931-லேயே சாவுகள் வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருப்பதை உள்ளூர்ப் பத்திரிகை கவனித்து எழுதிவிட்டது.

இனி அந்தச் சாவுகள் எப்படிப் பதிவாயின என்று பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவில் 1917-லிருந்து மாநில அளவில் ஒரே மாதிரியான இறப்புச் சான்றிதழ் உண்டு. பெயர், நிறம், வயது, தொழில், பெற்றோர் பெயர், சாவின் காரணம், புதைத்த இடம், மருத்துவர் கையெழுத்து. 1860-ன் படிவத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு முன்னேற்றம்! எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஆனால் கட்டத்தை நிரப்புகிற பேனா யார் கையில்? காரணம் என்ற இடத்தில் நிமோனியா என்று எழுதினார்கள், காசநோய் என்று எழுதினார்கள். நிமோனியாவுக்கு யாரும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. காசநோய் என்றால் கறுப்பினத்தவர் உடல்வாகே அப்படி, சாப்பாடு சரியில்லை, குடி என்று பழியை இறந்தவர் மேலேயே போட்டுவிடலாம். குடும்பம் பல நூறு மைல் தள்ளி ஜார்ஜியாவிலோ கரோலினாவிலோ இருக்கும்போது பெற்றோர் பெயரைச் சொல்லவும் ஆளில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கவுண்டிப் பதிவேடு கவுண்டியின் எல்லையோடு நின்றுவிடும். நோய் நிற்காது. முகாமில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆண்டுகூட அங்கே இருக்கவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியதும் வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், ஊர் திரும்பியவர்கள், வேலை முடிந்து முகாமைக் காலி செய்தபோது விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் எங்கெங்கோ போய் இறந்தார்கள். அந்த ஊர்ப் பதிவேட்டில் அது இன்னொரு கறுப்பினத்தவரின் காசநோய்ச் சாவு. ஃபயெட் பதிவேட்டில் அப்படி ஒருவர் இருந்ததற்கே தடயம் கிடையாது.

உண்மையை முதலில் காகிதத்தில் ஏற வைத்தது ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த ஒரு தாயின் மூன்று மகன்கள் சுரங்கப்பாதையில் வேலை செய்தார்கள். மூவரையும் நோய் தின்றது. கடைக்குட்டி சாகும்போது, தன் உடலை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வேலைதான் கொன்றது என்று தெரிந்தால் உங்களுக்காவது பணம் கிடைக்கும் என்று தாயிடம் கேட்டுக்கொண்டான். அவர் பணம் திரட்டி எக்ஸ்ரே எடுக்க வைத்தார், வழக்குப் போட்டார். அவருடைய உறுதியைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். அதே நேரம், உள்ளூரில் வீடு இருந்து, அக்கம்பக்கம் இருந்து, வெள்ளைத் தோலும் இருந்ததால்தான் அவரால் அந்த எக்ஸ்ரே வரை போக முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முகாமில் செத்த கறுப்பின இளைஞனின் தாய்க்கு, மகன் இறந்த சேதி போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம்.

1933-ல் முதல் வழக்கு கவுண்டித் தலைநகரான ஃபயெட்வில்லில் நடந்தது. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிறகு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளுக்குச் சேர்த்து 1,30,000 டாலருக்குச் சமரசம் பேசி முடித்தார்கள். அதில் பாதி வழக்கறிஞர்களுக்குப் போனது. மீதியைப் பங்கிடும்போதும் நிறம் பார்த்தார்கள்: கறுப்பருக்குக் குறைவு, வெள்ளையருக்கு அதிகம். இவையெல்லாம் அநியாயம். ஆனால் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஷரத்து வேறு. தொழிலாளர்கள் தரப்பு வழக்கறிஞர்கள் தாங்கள் திரட்டிய வழக்குக் கோப்புகளை எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பணத்தைக் கொடுத்து வாங்கியது அந்தக் காகிதங்களைத்தான் என்று நாங்கள் படிக்கிறோம். யார் எங்கே வேலை செய்தார், எப்போது படுத்தார், மருத்துவர் என்ன சொன்னார் என்ற விவரமெல்லாம் அந்தக் கோப்புகளில் இருந்திருக்கும்.

1935-ல் மாநில அரசு சிலிக்கோசிஸ் நோய்க்கு நஷ்டஈடு தரும் சட்டம் கொண்டுவந்தது. அதன் நிபந்தனைகள் ஹாக்ஸ் நெஸ்ட் தொழிலாளர்களுக்குப் பொருந்தாதபடி இருந்தன.

இடதுசாரிப் பத்திரிகைகள் எழுதிய பிறகு 1936-ல் நாடாளுமன்றத் தொழிலாளர் குழுவின் துணைக்குழு ஒன்று விசாரித்தது. அந்தத் தாய் வந்து சாட்சி சொன்னார். சுரங்கப்பாதையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளிகள் வந்து சொன்னார்கள். 476 என்ற எண் அங்கேதான் எழுந்தது. பக்கத்து நிக்கலஸ் கவுண்டியின் சம்மர்ஸ்வில் ஊரில் பிணம் புதைக்கும் தொழில் செய்தவர் ஒருவர், ஓர் உடலுக்கு 55 டாலர் என்று பேசிக்கொண்டு கறுப்பினத் தொழிலாளர்களைத் தன் குடும்பத்தின் வயலில் புதைத்ததும் அந்த விசாரணையில் வெளிவந்தது. வெள்ளையர் கல்லறைகளில் அவர்களுக்கு இடம் கிடையாது. முகாமில் செத்தவர்களுக்கென்று கவுண்டியில் இடம் ஒதுக்கவும் இல்லை. நிறுவனத்தின் ஆட்களையும் கோப்புகளையும் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரம் துணைக்குழுவுக்கு இல்லை. கேட்டது, நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. விசாரணை அத்தோடு நின்றது. ஆனாலும் சாட்சிகளின் பேச்சு வரிக்கு வரி அச்சாகிவிட்டது. நட்டல்பர்க் டீக்கடையில் காற்றோடு போனவை எத்தனையோ. இது காகிதத்தில் தங்கியது. கவிஞர் முரியல் ருகைசர் 1936-ல் நேரில் சென்று பார்த்து, இந்தச் சாட்சியங்களைக் கொண்டே ஒரு கவிதை வரிசை எழுதி 1938-ல் வெளியிட்டார்.

மாநில அரசின் போக்கு இப்படி இல்லை. அந்த ஆண்டுகளில் கூட்டாட்சி அரசின் எழுத்தாளர் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழிகாட்டி நூல் தயாரானது. மேற்கு வர்ஜீனியா நூலில் தொழிலாளர் வரலாறு எழுதப்பட்ட விதத்தை ஆளுநர் ஹோமர் ஹோல்ட் கடுமையாக எதிர்த்தார். அவர் பதவியிலிருந்து போன பிறகு 1941-ல்தான் நூல் வெளிவந்தது. அதே ஹோல்ட் சில ஆண்டுகள் கழித்து யூனியன் கார்பைடு நிறுவனத்தின் தலைமைச் சட்ட ஆலோசகராகப் போய் உட்கார்ந்தார். கற்பனைக் கதையில் எழுதினால் மிகையாக இருக்கிறது என்பார்கள்.

அரை நூற்றாண்டு கழித்துத்தான் செர்னியாக் வருகிறார். வேலையாட்கள் பற்றி நிறுவனத் தரப்பில் எஞ்சியிருந்த பதிவுகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சான்றிதழில் எழுதியிருந்த காரணத்தை அவர் அப்படியே நம்பவில்லை. அந்த வயதில், அந்தப் பகுதியில் வழக்கமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் அந்த விகிதத்தை விரித்துப் பார்த்தார். அப்படி வந்ததுதான் 764. பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இது மதிப்பீடு, ஒவ்வொரு தலையாக எண்ணிய எண் அல்ல. அவரும் அப்படித்தான் சொல்கிறார். நிமோனியா என்று ஒரு சான்றிதழில் எழுதினால் கண்டுபிடிக்க முடியாது. நூற்றுக்கணக்கான இளம் ஆண்கள் ஒரே ஊரில், ஒரே வேலை செய்து, ஒரே இரண்டு மூன்று ஆண்டுகளில் நிமோனியாவில் இறந்தால் அந்தப் பொய்யே சாட்சியாகிவிடுகிறது.

செர்னியாக்கின் நூல் 1986-ல் வந்தபோது உலகம் அந்த நிறுவனத்தின் பெயரை வேறொரு ஊரோடு சேர்த்து உச்சரித்துக்கொண்டிருந்தது. 1984 டிசம்பர் 2 இரவு, போபால். அங்கும் முதலில் அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 2,259. பிறகு வந்த அரசுக் கணக்குகளே அதைத் தாண்டின. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது அதற்குப் பல மடங்கு. அங்கும் 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம். ஆலையை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலில் இருந்தன, நச்சுக்காற்றால் வந்த நோயைப் பின்னாளில் மருத்துவச் சீட்டில் என்னவென்று எழுதினார்கள் என்று கேட்டுப் பார்த்தால், ஃபயெட் கவுண்டியைப் படித்தவர்களுக்குக் கேள்விகள் புதிதாக இருக்காது.

சம்மர்ஸ்வில் வயலில் புதைத்தவர்கள் அங்கேயும் கிடக்க விடப்படவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அந்த வழியே போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். எலும்புகளைத் தோண்டி எடுத்து, சம்மர்ஸ்வில் ஏரிக்கரைப் பக்கம் மறுபடி புதைத்தார்கள். பெயர்ப்பலகை இல்லை. புதர் மண்டியது. உள்ளூர் மக்கள் சிலர் தேடிக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, 2012-ல் அங்கே நினைவிடம் எழுப்பினார்கள். ருகைசரின் கவிதைகளை 2018-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது அதற்கு முன்னுரை எழுதிய கேத்தரின் வெனபிள் மூர், ஃபயெட் கவுண்டியிலேயே வாழ்கிற எழுத்தாளர், இறந்த தொழிலாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கும் வேலையில் இறங்கினார். வுட்சன் 1925-ல் செய்த அதே சலிப்பூட்டும், அவசியமான வேலை.

நீங்களும் செய்து பார்க்கலாம், தோழர்களே. மேற்கு வர்ஜீனியா ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்தில் இறப்புப் பதிவுகளைத் திறந்து, கவுண்டி ஃபயெட், ஆண்டு 1931 என்று கொடுங்கள். வரும் சான்றிதழ்களில் நிறம் என்ற கட்டத்தைப் பாருங்கள், பிறகு வயதை, பிறகு தொழிலை. பிறந்த மாநிலம் எது என்று பாருங்கள். காரணம் என்ற கட்டத்தைக் கடைசியில் படியுங்கள். அதன் கீழே மருத்துவரின் கையெழுத்து இருக்கும்.